சோகத்துக்குக் குடிக்கிறானா, குடிச்சதால சோகமா?

ஹாஸ்டலில் ஒருத்தன் கொஞ்சம் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்துவிட்டால் அவனைப் பற்றி இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒரு குரூப், "பாவம்டா, டிப்ரஷன்ல இருக்கான், அதான் குடிக்கிறான்" என்று சொல்லும். இன்னொரு குரூப், "குடிச்சுக் குடிச்சுத்தான்டா அவன் இப்படி ஆயிட்டான்" என்று சொல்லும். முதல் குரூப் பரிதாபப்பட்டுவிட்டு அடுத்த பாட்டிலுக்கு ஷேர் போடும். இரண்டாவது குரூப் திட்டிவிட்டு ரூம் மாற்றிக்கொள்ளும். அவனுக்கு என்ன செய்யலாம் என்று இரண்டு பேருமே யோசிப்பதில்லை.

இந்த இரண்டு பேச்சில் எது சரி? ஆராய்ச்சிகள் இதைப் பற்றி நிறையச் சொல்கின்றன. அதைப் படித்துப் புரிந்துகொண்ட வரை இங்கே எழுதியிருக்கிறேன். கடைசியில், நம்ம ரூமிலேயே அப்படி ஒருத்தர் இருந்தால் என்ன செய்யலாம் என்றும் இருக்கிறது. அவசரம் என்றால் நேராக அந்தப் பகுதிக்கே போய்விடுங்கள்.

முதலில் இரண்டு வார்த்தைகள்

"டிப்ரஷன்" என்ற வார்த்தையை நாம் ரொம்ப ஈஸியாகப் பயன்படுத்துகிறோம். இன்டர்னல் மார்க் குறைந்தாலும் டிப்ரஷன், மெஸ்ஸில் உப்புமா போட்டாலும் டிப்ரஷன். மருத்துவத்தில் அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. மனம் நாள் முழுக்கச் சோர்ந்து கிடக்க வேண்டும், அல்லது முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போயிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம். கூடவே தூக்கம் கெடுவது, பசி மாறுவது, உடம்பில் சக்தி இல்லாதது, கவனம் நிற்காதது, பேச்சும் அசைவும் மந்தமாவது, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு. மொத்தம் 9 அறிகுறிகள். அதில் 5 அறிகுறிகளாவது தொடர்ந்து 2 வாரம் இருந்தால்தான் டாக்டர்கள் அதை மனச்சோர்வு நோய் என்று சொல்வார்கள்.

அடுத்தது, குடிக்கு அடிமையாவது. இதுவும் அளவை மட்டும் வைத்துச் சொல்வது இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியல் 6 விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத ஆசை, ஆரம்பித்தால் நிறுத்த முடியாமை, நிறுத்தினால் கை நடுக்கம் மாதிரி உடல் தொந்தரவு, பழைய அளவு பத்தாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் ஓரம்கட்டுவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. ஒரு வருஷத்துக்குள் இதில் 3 சேர்ந்து வந்தால் அடிமை நிலை.

அளவு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒரு யூனிட் என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். நம்ம ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் பெரும்பாலும் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 180-ஐ 0.428-ஆல் பெருக்கி, எத்தனால் அடர்த்தி 0.789-ஆல் பெருக்கினால் சுமார் 61 கிராம். அதாவது 6 யூனிட். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் சுமார் 41 கிராம், 4 யூனிட். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக ஒரு யூனிட்டைத்தான் வெளியேற்றும். ராத்திரி 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவரின் ரத்தத்தில் காலை 5 மணி வரைக்கும் ஆல்கஹால் ஓடிக்கொண்டிருக்கும். 8.45 கிளாஸில் அவர் தூங்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

காரைக்காலில் இருந்து பார்த்தால்

இந்த விஷயத்தை நம்ம ஊரில் உட்கார்ந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை மாகாணம் முழுவதும் 1948-ல் மதுவிலக்கு வந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்த பிறகும் நாம் தமிழ்நாட்டோடு சேரவில்லை, புதுச்சேரியோடு இருந்தோம். அதனால் மதுக் கொள்கையும் வரியும் தனி. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் குறைந்த விலை. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தரங்கம்பாடிப் பக்கம். எல்லையில் செக்போஸ்ட் ஏன் இருக்கிறது என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். லீவு நாளில் பக்கத்து மாவட்டத்து பைக்குகள் எதற்கு வருகின்றன என்பதும் தெரியும்.

ஊரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கடை பக்கத்தில் இருப்பதால் யாருக்கும் மனச்சோர்வு வந்துவிடாது. ஆனால் மனசு சரியில்லாத ஒரு சாயங்காலத்தில் மனநல டாக்டர் எத்தனை தூரம், பாட்டில் எத்தனை தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கரன்ட் மாதிரிதான் மனுஷனும். ரெசிஸ்டன்ஸ் குறைந்த வழியில்தான் அதிகம் போவான்.

மூளைக்குள் நடக்கும் ஃபீட்பேக்

ஆல்கஹால் மூளைக்குள் போனதும் என்ன நடக்கிறது? மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் பிரேக் மாதிரி வேலை செய்கிறது. குளூட்டமேட் என்பது ஆக்ஸிலரேட்டர். ஆல்கஹால் பிரேக்கை அழுத்துகிறது, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கிறது. கூடவே டோப்பமினையும் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. அதனால்தான் முதல் ரவுண்டில் டென்ஷன் குறைகிறது, பேச்சு வருகிறது. "சோகம் குறையுது" என்று குடிப்பவர்கள் சொல்வது பொய் இல்லை. அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அது உண்மை.

பிரச்சினை அதற்குப் பிறகு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் படித்தவர்களுக்கு இது ஈஸியாகப் புரியும். ஏசியை 24 டிகிரியில் வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ராத்திரி யாரோ ஒருத்தர் ரூமுக்குள் ஹீட்டர் போடுகிறார். கன்ட்ரோலர் என்ன செய்யும்? ஏசியை வேகமாக ஓட்டும். ஒரு மாதம் இப்படியே ஓடிய பிறகு திடீரென்று ஹீட்டரை எடுத்துவிட்டால் ரூம் 24-ல் நிற்காது, ஜில்லென்று கீழே போகும். இன்டகிரல் வைண்டப் என்று படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதை. கன்ட்ரோலர் இன்னும் ஹீட்டர் இருப்பதாக நினைத்தே ஓடிக்கொண்டிருக்கும்.

மூளையும் இதைத்தான் செய்கிறது. தினமும் வெளியில் இருந்து பிரேக் விழுவதால் தன் சொந்த பிரேக்கைக் குறைத்துக்கொள்கிறது, ஆக்ஸிலரேட்டரை அதிகமாக்குகிறது. குடி இல்லாத நேரத்தில் பதற்றம், எரிச்சல், தூக்கமின்மை. டோப்பமின் பக்கமும் மந்தமாகிவிடுவதால் கிரிக்கெட், படம், நண்பர்கள் எதுவும் ருசிக்காது. ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களைத் தூண்டும் பகுதி மட்டும் ஓயாமல் வேலை செய்யும். ஜார்ஜ் கூப், மிஷேல் ல மோல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் இதைத் தெளிவாக எழுதினார்கள். ஆரம்பத்தில் சந்தோஷத்துக்காகக் குடித்தவர், பின்னால் அந்தக் கெட்ட நிலையில் இருந்து தப்பிப்பதற்காகவே குடிக்கிறார் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். செட் பாயின்ட்டே கீழே இறங்கிவிட்டது.

இப்போது மேலே சொன்ன மனச்சோர்வு அறிகுறிகளைத் திரும்பப் பாருங்கள். எதிலும் ஈடுபாடு இல்லை, சக்தி இல்லை, கவனம் இல்லை, தூக்கம் இல்லை. மாதக்கணக்கில் குடித்த மூளை தானாகவே இந்தப் பட்டியலை உருவாக்கிவிடும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும். ஆனால் ராத்திரியின் முதல் பாதியில் கனவு வரும் தூக்கம் குறையும், ஆல்கஹால் இறங்க இறங்கப் பின் பாதி துண்டு துண்டாகக் கெடும். 3 மணிக்கு முழிப்பு, நெஞ்சு படபடப்பு, பழைய கதை எல்லாம் ஞாபகம். ஏற்கெனவே மனச்சோர்வு இருப்பவருக்குத் தூக்கம்தான் முதலில் போகும். அவர் தூங்குவதற்காகவே குடிக்கிறார், அந்தக் குடியே அவருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது.

சிகரெட்டும் இதே மாதிரிதான். "டென்ஷனுக்கு ஒரு தம்" என்பார்கள். அந்த டென்ஷனில் பாதி, முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் இறங்கியதால் வந்த டென்ஷன். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. சிகரெட்டை விட்டவர்களுக்கு, தொடர்ந்து பிடித்தவர்களைவிட, பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன.

அப்படியானால் எது முதலில்?

மூன்று வழிகள் சாத்தியம். மூன்றுக்கும் ஆதாரம் இருக்கிறது.

ஒன்று, சோர்வில் இருந்து குடி. எட்வர்ட் கான்ட்சியான் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985-ல் "சுய மருத்துவம்" என்ற கருத்தை விரிவாக எழுதினார். தாங்க முடியாத ஒரு வலிக்குத் தானே மருந்து தேடிக்கொள்வதுதான் போதை என்றார். நம்ம முதல் குரூப் சொல்வது இதுதான்.

இரண்டு, குடியில் இருந்து சோர்வு. நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரில் 1977-ல் பிறந்த 1,265 குழந்தைகளைப் பிறந்ததில் இருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்கள் 25 வயது வரை கொடுத்த தகவல்களை வைத்து 2009-ல் வந்த கட்டுரை, குடிப் பிரச்சினையில் இருந்து மனச்சோர்வு என்ற திசைதான் கணக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது என்றது. நம்ம இரண்டாவது குரூப்.

மூன்று, இரண்டுக்கும் பொதுவான ஒரு வேர். குடும்பத்தில் வழிவழியாக வரும் மரபு, சின்ன வயதில் பட்ட அடி, கடன், இழப்பு. இவை ஒரே மனுஷனுக்கு இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கலாம்.

2011-ல் இந்தத் துறையின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டில் ஒன்று இருப்பவருக்கு மற்றது வரும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்று வந்தது. ஒருமுறை லூப் மூடிக்கொண்டால் ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு இன்புட் ஆகிவிடும். எங்கே ஆரம்பித்தது என்பது அப்போது பெரிய விஷயம் இல்லை.

நான்கு வாரக் கணக்கு

ஆனாலும் டாக்டருக்கு "எது முதலில்" என்பது ஓரளவு தெரிய வேண்டும். அதற்கு உதவும் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. சாண்ட்ரா பிரவுன், மார்க் ஷக்கிட் இருவரும் 1988-ல் வெளியிட்டது. குடிப்பழக்கமே முதல் பிரச்சினையாக இருந்து சிகிச்சைக்கு வந்த 191 ஆண்களை அவர்கள் பார்த்தார்கள். முதல் வாரத்தில் 42 சதவீதம் பேருக்குத் தீவிரமான மனச்சோர்வு இருந்தது. குடிக்காமல் நான்கு வாரம் ஆனபோது அந்த எண்ணிக்கை 6 சதவீதமாகக் குறைந்திருந்தது.

இந்த இரண்டு நம்பரையும் சேர்த்தே படிக்க வேண்டும். 42 எப்படி 6 ஆனது? நிறையப் பேருக்கு அந்தச் சோர்வு, குடி உண்டாக்கியது. ஹீட்டரை எடுத்துக் கொஞ்ச நாள் ஆனதும் கன்ட்ரோலர் தானே சரியானது. அதே நேரம் அந்த 6 சதவீதம் பேருக்குக் குடி போன பிறகும் சோர்வு நின்றது. அவர்களுக்கு அதற்கென்று தனி சிகிச்சை வேண்டும். இன்னொன்று, இந்த ஆய்வில் வந்தவர்கள் குடி முதலில் வந்தவர்கள். மனச்சோர்வு முதலில் வந்து பிறகு குடிக்க ஆரம்பித்தவருக்கு இந்த 6-ஐ அப்படியே பொருத்தக் கூடாது.

அதனால் டாக்டர்கள் ஒரு டைம்லைன் போடுவார்கள். குடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இப்படி மாதக்கணக்கில் சோர்ந்து கிடந்தது உண்டா? குடியே இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் இருந்த காலத்தில் மனசு எப்படி இருந்தது? குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வு உண்டா? இரண்டாவது கேள்விக்கு நம்ம ஊர்க்காரர்களிடம் நல்ல டேட்டா இருக்கும். சபரிமலைக்கு மாலை போட்ட 41 நாள், நோன்பு மாதம், தவக்காலம். அந்த நாட்களில் மனசு லேசாகி இருந்ததா, இல்லை குடிக்காமல் இருந்தும் பாரம் அப்படியேதான் இருந்ததா என்று யோசித்தால் பதில் பாதி கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், மாலை போட்டாலும் சரி, சபதம் போட்டாலும் சரி, டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, இல்லாத உருவம் தெரிவது, ஆள் குழம்புவது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். மருத்துவமனையில் இதற்கு மாத்திரையும் வைட்டமின் பி1-ம் கொடுத்துப் பத்திரமாக இறக்குவார்கள். அது ஒரு வார வேலைதான்.

"முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க"

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தப் பகுதிதான். "எது முதலில் வந்தது" என்ற கேள்வி, நடைமுறையில் "எதை முதலில் சரி செய்வது" என்று மாறிவிடுகிறது. மனசுக்குப் போனால், "முதல்ல குடிய விட்டுட்டு வாங்க" என்று ஒரு பதில். குடிக்குப் போனால், "முதல்ல மனசைத் தேத்திக்கிட்டு வாங்க" என்று இன்னொரு பதில். வீட்டில் சொன்னால் இரண்டுமே கிடைக்கும். சோர்வு இருப்பவரால் குடியை விட முடியவில்லை, குடி இருப்பதால் சோர்வு போகவில்லை. அவர் இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்பார்.

இதை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹெலன் பெட்டினாட்டி குழு 2010-ல் வெளியிட்டது. குடி அடிமை, மனச்சோர்வு இரண்டும் சேர்ந்து இருந்த 170 பேர், 14 வாரம். எல்லோருக்கும் கவுன்சிலிங் உண்டு. அதோடு ஒரு பிரிவுக்கு மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மட்டும், ஒரு பிரிவுக்குக் குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு வெறும் டம்மி மாத்திரை. இரண்டு மருந்தும் சேர்ந்து கிடைத்த பிரிவில் சுமார் 54 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற மூன்று பிரிவிலும் 21-க்கும் 28-க்கும் நடுவில்தான். அதாவது ஒரு பக்கத்தை மட்டும் சரி செய்தது, டம்மி மாத்திரையைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. இரண்டையும் சேர்த்துத் தொட்டபோதுதான் லூப் உடைந்தது.

ஒரு ஆய்வை மட்டும் வைத்து எல்லாருக்கும் இதே மருந்து என்று சொல்லிவிட முடியாது. எந்த மருந்து, எப்போது என்பது டாக்டர் வேலை. ஆனால் திசை தெரிகிறது. "எது முதல்ல" என்று வாதம் பண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். நம்ம நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மன நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

நடப்பது என்ன? எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருந்தார். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தீவிர மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை இல்லை. ஒன்று இருந்தாலே இந்த நிலை. இரண்டும் இருப்பவர் எங்கே போவார்?

மஞ்சக்குடியும் கோவாவும்

பெரிய ஆஸ்பத்திரி இருந்தால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிந்த டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1980-ல் தொடங்கியது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன்தான் அதைத் தொடங்கியவர். 1992-ல் பத்மஸ்ரீ வாங்கினார். கிராமத்துக்காரர்கள் சென்னை வரை வந்து தங்க முடியாது என்பதால் சிகிச்சையைக் கிராமத்துக்கே முகாமாகக் கொண்டுபோனார்கள். அந்தக் கிராமம் நம்ம பக்கத்து மாவட்டம் திருவாரூரில், குடவாசல் பக்கம் இருக்கும் மஞ்சக்குடி. மருந்து, கவுன்சிலிங், குடும்பத்தாருக்கும் தனிப் பேச்சு, முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து பார்ப்பது, எல்லாவற்றுக்கும் ஊரின் ஒத்துழைப்பு. அந்த அனுபவத்தை அவர் 1994-ல் "அடிக்‌ஷன்" என்ற சர்வதேச இதழில் எழுதினார். டெல்டாவின் ஒரு சின்ன கிராமத்துப் பெயர் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது.

குடும்பத்தாருக்குத் தனிப் பேச்சு என்பதைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. குடிப்பவர் வீட்டில் மனச்சோர்வு பல நேரம் குடிக்காதவருக்குத்தான் வரும். அம்மாவுக்கு, மனைவிக்கு, ஹாஸ்டலில் இருந்து ஊருக்குப் போகவே பிடிக்காத பிள்ளைக்கு. அவரும் சிகிச்சைக்கு உரியவர்தான்.

இன்னொரு உதாரணம் கோவா. அதுவும் நம்மைப் போல ஐரோப்பியர் ஆண்ட இடம், அங்கேயும் சரக்கு விலை குறைவு. அங்கே விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டு சோதனைகள் செய்தார்கள். முடிவுகள் 2017-ல் லான்செட் இதழில் வந்தன. பேசியது மனநல டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண உள்ளூர் ஆட்கள். தீவிர மனச்சோர்வுக்கு 6 முதல் 8 அமர்வு. வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம் பேர் தேறினார்கள், இந்தப் பேச்சும் சேர்ந்தபோது 64 சதவீதம். ஆபத்தான அளவு குடிப்பவர்களுக்கு அதிகபட்சம் 4 அமர்வு. அங்கே 26 என்பது 36 ஆனது. மனச்சோர்வுக்கு அவர்கள் செய்தது ரொம்ப சிம்பிள். மூடு வந்தபிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்த சின்ன வேலைகளை அட்டவணை போட்டுச் செய்ய வைப்பது. சாயங்காலம் பீச் வரை நடப்பது, ஒரு நண்பருக்கு போன் பண்ணுவது. குடிக்கும் நேரத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நம்ம ரூமில் ஒருத்தர் என்றால்

அவர் பையனாக மட்டும்தான் இருப்பார் என்று இல்லை. பெண்கள் ஹாஸ்டலில் இது இன்னும் மறைந்து இருக்கும்.

1. குடித்திருக்கும்போது அட்வைஸ் வேண்டாம். மறுநாள், தெளிவாக இருக்கும்போது, தனியாகப் பேசுங்கள். "ஏன்டா குடிக்கிற" என்பதைவிட, "கொஞ்ச நாளா நீ சரியில்ல, தூங்குறியா, சாப்பிடுறியா?" என்று ஆரம்பித்தால் பேச்சு வரும்.

2. சாகணும் மாதிரி தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, நிறையப் பேருக்கு யாராவது கேட்டார்களே என்று பாரம் இறங்கும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். குடித்திருக்கும் நேரத்தில் யோசிக்காமல் செய்யும் ஆபத்து அதிகம். நாலு வாரம் பார்க்கலாம் என்ற கணக்கெல்லாம் இங்கே கிடையாது. அன்றைக்கே வீட்டுக்கும் வார்டனுக்கும் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

3. டாக்டரிடம் இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். மனசை மட்டும் சொல்லிக் குடியை மறைத்தால் மாத்திரை சரியாக அமையாது. குடியை மட்டும் சொன்னால் சோர்வு விட்டுப்போகும். கூடப் போகும் நண்பர் டைம்லைனை ஒரு பேப்பரில் எழுதிக் கொடுக்கலாம். எந்த மாதத்தில் இருந்து குடி, எந்த மாதத்தில் இருந்து தூக்கமில்லை, நடுவில் எத்தனை நாள் நிறுத்தினார்.

4. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரிலும் பஸ்ஸிலும் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். இப்படிச் சாப்பாட்டில் கலப்பதற்கு டைசல்ஃபிராம் மாதிரி மருந்தைப் பயன்படுத்துவது உண்டு. அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரிவு என்று உயிர் வரை போகலாம். டாக்டர் கொடுத்து, அவரே தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. வீட்டில் யாராவது இந்த ஐடியா சொன்னால் தடுத்துவிடுங்கள்.

5. "காலேஜுக்குத் தெரிஞ்சா பிளேஸ்மென்ட் போயிடும்" என்ற பயம்தான் நிறையப் பேரை நிறுத்தி வைக்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மேலே சொன்ன 2017 சட்டத்தில் நோயாளியின் உரிமை. டாக்டர் அதை காலேஜுக்கோ கம்பெனிக்கோ இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது.

6. திரும்பக் குடித்துவிட்டால், "சொன்னேன்ல, இவன் திருந்த மாட்டான்" என்று முடிக்காதீர்கள். இந்த நோயில் அது சகஜம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போக வைப்பதுதான் நண்பர் வேலை.

7. நீங்கள் டாக்டர் இல்லை. எல்லாவற்றையும் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டாம். உங்களுக்கே தூக்கம் போனால் நீங்களும் யாரிடமாவது பேசுங்கள்.

எங்கே போவது? டெலி மானஸ் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். போதைக்கான தேசிய உதவி எண் 14446, அதுவும் இலவசம். நேரில் பார்க்க வேண்டும் என்றால் அரசுப் பொது மருத்துவமனை ஓபிக்குப் போய் மனநலப் பிரிவு என்று கேளுங்கள். இரண்டு எண்களையும் இப்போதே போனில் சேவ் செய்துவிடுங்கள். தேவைப்படும் ராத்திரியில் தேடிக்கொண்டு இருக்க நேரம் இருக்காது.